ஹானர்ஸ் சர்டிஃபிகேட் கையில இருக்கு, ஜிஇ சர்டிஃபிகேட்டுக்கும் எழுதிப் போட்டாச்சு. டேவிஸ் கேக்கறது வேற எதையோங்களா?

மில்பிடாஸ் மீனா – 2025 மே 27, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. பையன் இங்க பக்கத்துல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ரெண்டு வருஷம் முடிக்கறான். 2023 ஃபால்ல சேர்ந்தது, எகனாமிக்ஸ். மூணாவது வருஷத்துக்கு யூசி (கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) டேவிஸ் வளாகத்துல இடம் கிடைச்சு, வர்றோம்னு சொல்லிப் பணமும் கட்டியாச்சு.

போன வெள்ளிக்கிழமை ஹானர்ஸ் பசங்களுக்கு (கொஞ்சம் கடினமான தனி வகுப்பு எடுத்தவங்களுக்கு) சின்னதா ஒரு விழா. கழுத்துல மஞ்சக் கயிறு போட்டு, வெள்ளி முத்திரை வச்ச சர்டிஃபிகேட் ஒண்ணு குடுத்தாங்க. ஜெனரல் எஜுகேஷன் (ஜிஇ, எந்தத் துறைன்னாலும் எடுக்கற பொதுப் பாடங்கள்) முடிச்சதுக்கும் காலேஜே ஒரு சர்டிஃபிகேட் தருதாமா, அதுக்கும் ஏப்ரல்லயே எழுதிப் போட்டுட்டான். சரி, எல்லாம் முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்தேன். நேத்து டேவிஸ் போர்ட்டலைத் திறந்தா, ‘ஐகெட்சி சர்டிஃபிகேஷன் – வரவில்லை’ன்னு நிக்குது. ஐகெட்சின்னா யூனிவர்சிட்டி ஏத்துக்கற ஜிஇ பாடப் பட்டியலுங்க.

அவன் என்னடான்னா “வரும்மா, தானா வரும்”ங்கறான். தானா வருமுங்களா? ரெண்டாவது கேள்வி: பொண்ணு இந்த ஆகஸ்ட்ல அதே காலேஜ்ல சேர்றா. சைக்காலஜி படிச்சு யூசிஎல்ஏ (யூசியோட லாஸ் ஏஞ்சலஸ் வளாகம்) போகோணும்னு ஆசை. அவளும் இந்த ஹானர்ஸ், அது இதுன்னு அலையோணுமா?

சன்னிவேல் சங்கர் – மே 27, இரவு 10:15

ரெண்டையும் ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டுங்க, அவ்வளவுதான் பிரயோஜனம். என் பையன் ஐகெட்சியும் முடிக்கலை, ஹானர்ஸ் பக்கமே தலைவச்சும் படுக்கலை. மேத்ஸ், ஃபிசிக்ஸ் எல்லாத்துலயும் ஏ வாங்கினான், கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கிடைச்சுது. யூனிவர்சிட்டிக்காரன் பாக்கறது மார்க்கை. ஹானர்ஸ் கிளாஸ்ல கஷ்டப்பட்டு பி வாங்கறதுக்கு சாதா கிளாஸ்ல ஏ வாங்கிட்டுப் போலாம். ஹானர்ஸ்னு ஜிபிஏல (கிரேடு சராசரியில) கூடப் போட்டுத் தரவும் மாட்டான். ஹைஸ்கூல் கணக்கு வேற, இது வேற.

பதிவேட்டுக்காரி – மே 28, காலை 6:50

மீனா, தானா வராது. உங்க பையன் கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க.

நான் வேற ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல இருக்கேன். வருஷா வருஷம் மே, ஜூன்ல என் மேஜைக்கு வர்ற அழுகையில பாதி இதுதான். குழப்பத்துக்குக் காரணம் பேர்தான். சர்டிஃபிகேட், சர்டிஃபிகேஷன். தமிழ்ல ரெண்டையும் சான்றிதழ்னே சொல்லிடறோம். ஆனா மொத்தம் மூணு விஷயம் இருக்கு.

மஞ்சக் கயிறோட வந்தது ஹானர்ஸ் சர்டிஃபிகேட். அது உங்க காலேஜ் ஹானர்ஸ் திட்டம் குடுக்கறது. இத்தனை ஹானர்ஸ் பாடம், இத்தனை ஜிபிஏன்னு அவங்க வச்ச வரம்பைத் தாண்டினதுக்கான அடையாளம். ஜிஇக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஏப்ரல்ல எழுதிப் போட்டது ‘சர்டிஃபிகேட் ஆஃப் அச்சீவ்மென்ட்’. அது டிரான்ஸ்கிரிப்ட்ல (காலேஜோட மதிப்பெண் பட்டியல்ல) ஏறும், தபால்ல வீட்டுக்கு வரும். டேவிஸ் கேக்கறது இந்த ரெண்டுமே இல்லை. உங்க காலேஜ் நேரா யூனிவர்சிட்டிக்கு, “இந்த மாணவர் ஐகெட்சியில ஒவ்வொரு பிரிவையும் முடிச்சிருக்கார், நாங்க சரிபார்த்தோம்”னு உறுதி சொல்லி அனுப்பற தாள். அதுதான் சர்டிஃபிகேஷன். அதுக்கு ஃபார்ம் தனி. பல காலேஜ்ல டிரான்ஸ்கிரிப்ட் ஆர்டர் பண்ற பக்கத்துலயே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், டிக் அடிச்சாப் போதும். பசங்க அதைப் பாக்காம அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாங்க.

அது போகலைன்னா சேர்க்கை ரத்தாகாது, பயப்படாதீங்க. ஆனா டேவிஸோட சொந்த ஜிஇ விதிகள் பையன் தலையில விழும். ரெண்டு வருஷமா முடிச்ச பாடங்களை ஒண்ணொண்ணா அவங்க கணக்குல பொருத்திப் பாக்கணும். எது பொருந்தலையோ அதை மறுபடி அங்க போய்ப் படிக்கணும், அதுவும் அந்த ஃபீஸ்ல. இங்க கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு யூனிட் (பாடத்தோட அளவு) 46 டாலர்தான்.

ரெண்டு கேள்வி. அவன் ஏதாவது பிரிவை ஏபி பரீட்சை (ஹைஸ்கூல்லயே எழுதற காலேஜ் தரப் பரீட்சை) வச்சு நிரப்பியிருக்கானா? வேற கம்யூனிட்டி காலேஜ்ல ஒரு பாடமாவது எடுத்தானா?

மில்பிடாஸ் மீனா – மே 28, காலை 7:30

ரெண்டுமே உண்டுங்க. ஏபி சைக்காலஜில 4 வாங்கியிருந்தான். போன கோடைக்கு ஸ்பீச் கிளாஸ் இங்க இடம் இல்லைன்னு பக்கத்து ஊர் காலேஜ்ல ஆன்லைன்ல எடுத்தான். ஏபி ஸ்கோரை டேவிஸுக்கு அனுப்பிச்சாச்சுங்களே?

பதிவேட்டுக்காரி – மே 28, மதியம் 12:20

நினைச்சேன். டேவிஸுக்கு அனுப்பினது டேவிஸுக்கு. உறுதி சொல்லப் போறது உங்க காலேஜ், அவங்க கையில அந்த ஸ்கோர் இருக்கணுமே. ஏபி பரீட்சை நடத்தற காலேஜ் போர்டுங்கற அமைப்புல இருந்து நேரா அவங்களுக்கு வந்திருக்கணும். மொபைல்ல எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டை யாரும் ஏத்துக்க மாட்டோம். பக்கத்து ஊர் டிரான்ஸ்கிரிப்டும் அப்படித்தான்.

சர்டிஃபிகேஷன் செய்யறது எப்படின்னு சொன்னா விளங்கும். என் முன்னாடி ஒரு பக்கத் தாள் இருக்கும், ஐகெட்சிக் கட்டங்கள் போட்டது. ஒவ்வொரு கட்டத்துலயும் பாட எண், எந்தக் காலேஜ், எந்த செமஸ்டர், என்ன கிரேடுன்னு பென்சில்ல எழுதுவேன் (கம்ப்யூட்டர் பண்ணும், இருந்தாலும் கையால ஒரு தடவை போட்டுப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்). அந்தப் பாடம் அந்தக் காலேஜோட ஐகெட்சிப் பட்டியல்ல, எடுத்த அந்த வருஷம் இருந்துச்சான்னு அசிஸ்ட் தளத்துல (எந்தப் பாடம் எங்க செல்லும்னு காட்டற இணையதளம்) பாப்பேன். இப்ப இருக்குங்கறது போதாது. அப்புறம் கிரேடு. சி ஓகே, சி மைனஸ் கிடையாது. ஒரு கட்டம் காலியா இருந்தா அந்தத் தாள் என் ‘காத்திருப்பு’ டிரேக்குப் போகும். அங்க எத்தனை நாள் இருக்கும்ங்கறது மாணவர் எப்ப போன் பண்றார்ங்கறதைப் பொறுத்தது.

உங்க பையனுக்கு சமூக அறிவியல் கட்டத்துல ரெண்டு பாடம் வேணும், ரெண்டும் வேற வேற துறை. எகனாமிக்ஸ் ஒண்ணு, ஏபி சைக்காலஜி இன்னொண்ணு. ஸ்கோர் வரலைன்னா அந்தக் கட்டம் காலி. ஸ்பீச்? யூசிக்கு ஐகெட்சியில அது கட்டாயம் இல்லை, சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) போறவங்களுக்குத்தான். ஆனாலும் எந்தக் காலேஜ்ல படிச்சிருந்தாலும் எல்லா டிரான்ஸ்கிரிப்டையும் கேட்போம், மறைச்ச மாதிரி ஆகிடக் கூடாது. ஒருவேளை ஒண்ணு ரெண்டு பாடம் உண்மையிலேயே குறைஞ்சா, ஐகெட்சியில பகுதி சர்டிஃபிகேஷன்னு ஒண்ணு உண்டு. ரெண்டு பாடம் வரைக்கும் பாக்கி வச்சுட்டுப் போய் அங்க முடிக்கலாம். உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்.

தேவா, லோங் பீச் – மே 28, இரவு 8:05

வணக்கம் தங்கச்சி. சங்கர் தம்பி சொன்னதில பாதி சரி, பாதி பிழை.

என்ர மகள் ஹானர்ஸால யூசிஎல்ஏ போனவ. வரலாறு. அங்க டாப் எண்டு ஒரு ஏற்பாடு இருக்கு, ட்ரான்ஸ்ஃபர் அலையன்ஸ் புரோக்ராம். சில கம்யூனிட்டி கொலிஜ்களின்ர ஹானர்ஸ் திட்டங்களோட யூசிஎல்ஏ கை கோத்திருக்கு. அதுக்குள்ள படிச்சு முடிக்கிற பிள்ளையளை, ஹானர்ஸுக்குப் பொறுப்பானவர் யூசிஎல்ஏக்கு அறிவிப்பார். லெட்டர்ஸ் அண்ட் சயன்ஸ் பகுதிக்கு விண்ணப்பிச்சால் முன்னுரிமையோட பாப்பினம். முதல் கேட்ட துறை கிடைக்காட்டில் மாற்றாக் குடுத்த துறைக்கும் பாப்பினம். கட்டாயம் கிடைக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. ஆனா யூசிஎல்ஏக்கு டாக் எண்ட உத்தரவாத ஒப்பந்தம் இல்லை. பெர்க்லிக்கும் இல்லை, சான் டியேகோவுக்கும் இல்லை. மற்ற ஆறு வளாகத்துக்குத்தான் இருக்கு. அப்ப யூசிஎல்ஏக்குப் போக விரும்பிற பிள்ளைக்கு வேற என்ன பிடி இருக்கு?

இன்னொண்டு. சர்டிஃபிகேட்டை விடுங்கோ, அந்த வகுப்பு. மகள் ஹானர்ஸ் வரலாற்று வகுப்புக்கு எழுதினது இங்கத்தையக் கம்போடியச் சனம் நடத்திற டோனட் கடையளைப் பற்றி. அகதியா வந்த சனம். நாங்களும் அப்பிடி வந்த ஆக்கள்தானே, அவவுக்கு அதில ஒரு ஒட்டு. விடிய நாலு மணிக்கு மா பிசையிற நேரம்தான் கடைக்காரருக்குக் கதைக்க வசதி எண்டு என்னைக் காரோட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவ. ஆறு கடை. நான் வெளியில காருக்குள்ள நித்திரை. கடைசிக் கடையில அந்த அம்மா என்னையும் உள்ள கூப்பிட்டு, முகாமில எத்தினை வருசம் இருந்தனீங்கள் எண்டு கேட்டா. நான் சொன்னன். அவவும் சொன்னா. பிறகு மூண்டு பேரும் டோனட் சாப்பிட்டம்.

அந்தக் கட்டுரையை, கம்யூனிட்டி கொலிஜ் ஹானர்ஸ் திட்டங்களின்ர கவுன்சில் யூசி ஏர்வைனில நடத்திற மாணவர் ஆய்வு மாநாட்டில வாசிச்சவ. சாதா வகுப்பில உது நடந்திருக்காது.

சன்னிவேல் சங்கர் – மே 28, இரவு 9:10

அண்ணா, டோனட் கதைக்கு நான் எதிரி இல்லை. ஆனா ஹானர்ஸ் கிளாஸ்ல பி வந்தா? டாப் வந்து காப்பாத்துமா?

தேவா, லோங் பீச் – மே 28, இரவு 9:32

காப்பாத்தாது. மகளுக்கு ஒரு பி வந்தது, ஹானர்ஸ் ஆங்கிலம். அண்டைக்கு வீட்டில சோறு இறங்கேல்ல. மிச்சம் எல்லாம் ஏ. பிள்ளை எதைத் தாங்கும் எண்டு தாய் தகப்பனுக்குத் தெரியாட்டி ஆருக்குத் தெரியும்.

நெல்லைப் பையன் – மே 29, அதிகாலை 1:15

அக்கா, அண்ணாச்சி, நான் மெக்கானிக்கல் போகப் போறவன், இன்னும் ஒரு வருஷம் இருக்கு. சங்கர் சார் சொன்னது இன்ஜினியரிங்குக்கு நூத்துக்கு நூறு சரி. பெர்க்லி இன்ஜினியரிங் காலேஜ் ஐகெட்சியை ஏத்துக்கவே மாட்டாங்க, அவங்களுக்குத் தனிக் கணக்கு. யூசிஎல்ஏ இன்ஜினியரிங்குக்கு டாப்பும் செல்லாது. கால்குலஸ் வரிசை, லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், கால்குலஸ் வச்ச ஃபிசிக்ஸ், இதுல ஒண்ணு விட்டாலும் ஜிஇ பூரா முடிச்சிருந்தும் புண்ணியம் இல்லை. எனக்கு இது முதல் வருஷம் முடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்குள்ள ஆர்ட் ஹிஸ்டரி ஒண்ணு எடுத்து முடிச்சுட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற.

ஒரு வேடிக்கை சொல்லட்டா. ஐகெட்சியில வேற்றுமொழின்னு ஒரு கட்டம் இருக்கு. நான் எட்டாவது வரைக்கும் சேரன்மகாதேவி பக்கத்துல அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். ஆறாம் வகுப்புலயோ அதுக்கு மேலயோ ரெண்டு வருஷம் ஆங்கிலம் இல்லாத பயிற்று மொழியில படிச்சிருந்தா அந்தக் கட்டம் நிரம்பிடும்னு கவுன்சிலர் சொன்னாங்க. ஆச்சிக்கு போன் போட்டு, டிரங்குப் பெட்டிக்குள்ள கிடந்த மார்க் ஷீட்டைத் தேடி எடுக்கச் சொல்லி, ஹெட்மாஸ்டர் கிட்ட சீல் வாங்கி, இங்க மொழிபெயர்ப்பு வச்சு... ஊர்ல தமிழ் மீடியம்னு ஏளனமாப் பாத்தவங்க எத்தனை பேர். இங்க அது மூணு மாச ஸ்பானிஷ் கிளாஸை மிச்சம் பண்ணிச்சு.

பதிவேட்டுக்காரி – மே 29, காலை 6:40

தம்பி, அந்த மார்க் ஷீட்டைப் பத்திரமா வையுங்க. 2025 ஃபால்ல இருந்து புதுசா சேர்றவங்களுக்கு ஐகெட்சி கிடையாது, கேல்கெட்சி. அதுல வேற்றுமொழிக் கட்டமே இல்லை. ஆனா சில வளாகங்கள் பட்டம் வாங்க மொழி வேணும்னு தனியா கேக்கும், அப்ப உதவும்.

மீனா, உங்க பொண்ணுக்கு வர்றேன். அவளுக்கு அண்ணன் போட்ட பட்டியல் உதவாது, இதை முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. 2021ல வந்த அசெம்பிளி பில் 928ங்கற கலிஃபோர்னியா சட்டத்தால சிஎஸ்யூவுக்கும் யூசிக்கும் ஒரே ஜிஇ அமைப்பு. பதினோரு பாடம், 34 யூனிட். யூசி போறவங்களும் இப்ப ஸ்பீச் எடுத்தே ஆகணும். கலை, ஹ்யூமானிட்டீஸ் (இலக்கியம், தத்துவம் மாதிரி) பகுதி மூணுல இருந்து ரெண்டாச்சு. எத்னிக் ஸ்டடீஸ் ஒண்ணு உண்டு. கிரிட்டிக்கல் திங்கிங்கும் ஸ்பீச்சும் ஏபி பரீட்சை வச்சு நிரப்ப முடியாத கட்டங்கள், அதை நம்பி உக்காந்துட வேண்டாம்.

பாட எண்ணும் மாறுது. அசெம்பிளி பில் 1111னு இன்னொரு சட்டம், எல்லாக் காலேஜ்லயும் ஒரே எண். ஆங்கிலம் சி1000, ஸ்பீச் சி1000, சைக்காலஜி சி1000, இப்படி. கடைசியில ‘எச்’ இருந்தா அது ஹானர்ஸ். ஆங்கிலம் சி1000எச்சும் சி1000மும் யூசி கண்ணுக்கு ஒரே பாடம்தான், ரெண்டையும் எடுத்தா கிரெடிட் ஒரு தடவைதான்.

சைக்காலஜி, யூசிஎல்ஏன்னா அவளுக்கு ஹானர்ஸ் அர்த்தமுள்ளதுதான். ஆனா ஹானர்ஸ் இருக்கற எல்லாக் காலேஜும் டாப்ல இல்லை. யூசிஎல்ஏ தளத்துல பட்டியல் இருக்கு, உங்க காலேஜ் பேர் அதுல இருக்கான்னு பாத்துட்டு மேலே யோசிங்க. பேர் இல்லைன்னா அந்த சர்டிஃபிகேட்டைப் பத்தி சங்கர் சொன்னதை நான் மறுக்கப் போறதில்லை. பேர் இருந்தா முதல் செமஸ்டர்லயே திட்டத்துல சேரச் சொல்லுங்க. மூணாவது செமஸ்டர்ல முழிச்சுக்கிட்டு, “ஹானர்ஸ் கிளாஸ் எதுவும் இந்த டைம்ல இல்லையே”ன்னு வர்ற பசங்கதான் அதிகம். சில காலேஜ்ல ஹானர்ஸ் ஒப்பந்தம்னு உண்டு. சாதா வகுப்புலயே ஆசிரியரோட பேசி கூடுதலா ஒரு ஆய்வு செஞ்சு ஹானர்ஸா மாத்திக்கலாம். அதுக்கும் செமஸ்டர் ஆரம்பத்துலயே கையெழுத்து வாங்கணும்.

கலா, ஃபோல்சம் – மே 29, மதியம் 2:00

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். திருச்சியில பி.எஸ்ஸி. ரெண்டு வருஷம் படிச்சு கல்யாணத்தோட நிறுத்தினேன். இங்க இப்ப முப்பத்தெட்டு வயசுல மறுபடி சேர்ந்திருக்கேன். அங்க நாலு செமஸ்டர் இங்கிலீஷ் பாஸ் பண்ணது ஜிஇக்கு ஆகாதா?

பதிவேட்டுக்காரி – மே 29, மாலை 5:45

ஐகெட்சி சர்டிஃபிகேஷனுக்கு ஆகாது கலா. அமெரிக்க அங்கீகாரம் இல்லாத வெளிநாட்டுக் காலேஜ் பாடங்களை, வேற்றுமொழிக் கட்டம் தவிர, அதுல வைக்க முடியாது. ஆனா யூசிக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ரெண்டு வருஷத்தை மறைக்காதீங்க, படிச்ச எல்லாக் காலேஜையும் எழுதணும். அவங்க தனியா மதிப்பிடுவாங்க. முப்பத்தெட்டெல்லாம் ஒரு வயசே இல்லை. என் கவுன்டருக்கு அறுபத்தொண்ணுல ஒரு தாத்தா வந்தார்.

ஹெச்4 அப்பா – மே 29, மாலை 6:30

ஹெச்4 விசால (ஹெச்1பில வேலை பாக்கறவங்க குடும்பத்துக்கான விசா) இருக்கற பிள்ளைக்கு அந்த 46 டாலர் உண்டா?

சன்னிவேல் சங்கர் – மே 29, மாலை 6:52

உண்டு, ஒரு வருஷத்துக்கு மேல கலிஃபோர்னியால குடியிருந்தா ரெசிடென்ட் கணக்குக்கு வரலாம். 21 வயசு ஆகி எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறினா போச்சு. இதுக்குத் தனி இழையே எண்பது பதிவோட ஓடுது, அங்க வாங்க.

மில்பிடாஸ் மீனா – ஜூன் 3, இரவு 10:20

இன்னைக்கு நானும் பையனும் காலேஜுக்கே போனமுங்க. ஜன்னல்ல ஒரு அம்மா, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி வச்சுட்டு ஃபைலைப் பாத்தாங்க. பதிவேட்டம்மா சொன்ன அதே தாள்! சமூக அறிவியல் கட்டத்துல ஒண்ணு காலி. பக்கத்துல பென்சில்ல ‘ஏபி?’ன்னு எழுதியிருக்கு. மார்ச்லயே எழுதி வச்சிருக்காங்க. ஸ்டூடன்ட் ஈமெயிலுக்கு மெயிலும் போயிருக்கு, இந்த மகராசன் அந்த மெயிலைத் திறக்கறதே இல்லையாமா. 1,140 படிக்காத மெயில் கிடக்குது.

அங்கயே நின்னு போன்ல காலேஜ் போர்டுக்குள்ள போய் ஸ்கோர் அனுப்பச் சொல்லியாச்சு. பாஸ்வேர்ட் மறந்து, பழைய ஹைஸ்கூல் ஈமெயில் மூடிப்போயி, அது ஒரு முக்கா மணி நேரம். பின்னாடி வரிசையில நின்னவங்க என்னைத் திட்டியிருப்பாங்க. பக்கத்து ஊர் டிரான்ஸ்கிரிப்டும் ஆர்டர் போட்டாச்சு. சர்டிஃபிகேஷன் ஃபார்ம் தனியாத்தானுங்க இருந்துச்சு, ஒரே பக்கம். ஸ்பிரிங் கிரேடு ஏறினப்புறம் ஃபைனல் டிரான்ஸ்கிரிப்டோட சேர்த்து அனுப்பறோம்னாங்க. டேவிஸுக்கு டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள்ள போயிடோணும்.

தேவா, லோங் பீச் – ஜூன் 3, இரவு 10:41

1,140 ஆ! என்ர மகனுக்கு 6,000. பிள்ளையளுக்கு மெயில் எண்டால் எங்களுக்கு தந்தி மாதிரி.

மில்பிடாஸ் மீனா – ஜூன் 26, காலை 8:15

போர்ட்டல்ல பச்சை டிக் வந்திருச்சுங்க. வந்ததை அவன் சொல்லலை, நானே பாத்தேன்.

பொண்ணு விஷயம்: எங்க காலேஜ் டாப் பட்டியல்ல இருக்கு. ஆங்கிலம் சி1000எச் எடுத்திருக்கா, காலையில 7:40க்கு. எழுந்திருப்பாளான்னு தெரியலை. ஸ்பீச் சாதா கிளாஸ். ஹானர்ஸ் ஸ்பீச் வேண்டாம்னுட்டா, மேடைன்னாலே அவளுக்குக் கை நடுங்கும். நானும் வற்புறுத்தலை.

சன்னிவேல் சங்கர் – ஜூன் 26, காலை 9:02

வாழ்த்துகள் மீனா. பதிவேட்டு மேடம், ஒரு சந்தேகம். அந்த சர்டிஃபிகேஷன் ஃபார்ம் முதல் வருஷமே வாங்கி வைக்கலாமா, கடைசி செமஸ்டர்லதான் குடுப்பாங்களா? சின்னவ ஆகஸ்ட்ல சேர்றா. சோசியாலஜியாம்.